காமெடி எழுத வருகிறவர்களுக்கு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

'கரகாட்டக்காரன்' வந்தது 1989-இல். அதன் வாழைப்பழக் காட்சியைப் பார்க்காத தமிழரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கவுண்டமணி, செந்தில் என்பார்கள். கங்கை அமரன் படம் என்பார்கள். அந்தப் படத்தின் நகைச்சுவைப் பகுதியை எழுதிய ஏ.வீரப்பனின் பெயரைச் சொல்கிறவர்கள் மிகக் குறைவு. 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கை வைத்து ஊரையே சிரிக்க வைத்ததும் அவருடைய எழுத்துதான். ஒரு தலைமுறை தாண்டியும் வீட்டிலும் டீக்கடையிலும் பேசிப் பேசிச் சிரிக்கிற காட்சிகளை எழுதியவரை நமக்குத் தெரியவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம்.

தமிழ் சினிமாவில் காமெடி எழுத்து இரண்டு வழியில் வந்திருக்கிறது. கதையை ஒருவர் எழுத, அதற்கு நடுவே ஓடுகிற காமெடி ட்ராக்கைத் தனியாக இன்னொருவர் எழுதுவது ஒரு வழி. வீரப்பன் அப்படி எழுதியவர். படம் முழுவதையும் நகைச்சுவையாகவே நினைத்து வசனம் எழுதுவது இன்னொரு வழி. சித்ராலயா கோபுவும் கிரேஸி மோகனும் அந்த வழியில் போனவர்கள். நீங்கள் எந்த வழியில் வந்தாலும் ஒன்று பொது. ஜோக் சொல்லத் தெரிந்தவர் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். சிரிப்பு தானாக வரும்படி ஒரு சூழ்நிலையைக் கட்டத் தெரிந்தவர்தான் எழுத்தாளர். அப்படிக் கட்டியதற்குப் பெயரையும் சம்பளத்தையும் கேட்டு வாங்கத் தெரிந்தவர்தான் இந்தத் தொழிலில் நிற்கிறார். கீழே உள்ளவற்றைப் படிக்கும்போது இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதும்போது

சூழ்நிலையை முதலில் கட்டுங்கள். பஞ்ச் வசனம் பிறகு வரட்டும்.

வாழைப்பழக் காட்சியை ஒரு முறை தாளில் எழுதிப் பாருங்கள். வரி வரியாகப் படித்தால் அதில் ஜோக் என்று ஒன்றுமே இல்லை. இரண்டு பழம் வாங்கிவரச் சொல்லி அனுப்புகிறார் ஒருவர். அனுப்பப்பட்டவர் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றோடு வருகிறார். இன்னொன்று எங்கே என்ற கேள்விக்கு, கையில் இருப்பதையே காட்டுகிறார். கேட்பவர் பக்கம் நியாயம் இருக்கிறது. பதில் சொல்பவருக்கும் தன் பதிலில் துளிகூடச் சந்தேகம் இல்லை. இந்தப் பிடிவாதம் இரண்டும் மோதுகிற இடத்தில்தான் சிரிப்பு. கேள்வி மாறுவதில்லை, பதிலும் மாறுவதில்லை, கோபம் மட்டும் ஒவ்வொரு படியாக ஏறுகிறது. கட்டுமானம் இவ்வளவு உறுதியாக இருந்தால், வசனம் எவ்வளவு எளிமையாக இருந்தாலும் தாங்கும்.

முழுப்படத்துக்கும் இதே கணக்குதான். 1981-இல் கே.பாலசந்தர் இயக்கிய 'தில்லு முல்லு' இந்தி 'கோல்மால்' படத்தின் தழுவல், வசனம் விசு. வேலைக்காக ஒருவன் பொய் சொல்கிறான். பொய் மாட்டிக்கொள்ளப் போகிறபோது, மீசை இல்லாத தம்பி ஒருவன் எனக்கு இருக்கிறான் என்று இரண்டாவது பொய்யைச் சொல்கிறான். அப்புறம் படம் ஓடுவது அந்தப் பொய்களின் பலத்தில்தான். ஒவ்வொரு காட்சியும் முந்தைய காட்சி வைத்த சிக்கலிலிருந்து பிறக்கிறது. உங்கள் கதையில் ஒரு காட்சியைத் தூக்கிவிட்டால் அடுத்த காட்சி பாதிக்கப்படாமல் நிற்கிறதா? நின்றால், அந்தக் காட்சியில் எவ்வளவு நல்ல ஜோக் இருந்தாலும் அது படத்துக்குச் சொந்தமானதில்லை.

கேட்பவரையும் எழுதுங்கள்.

'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்கிற காட்சியை எல்லோரும் நாகேஷுக்காகப் பார்ப்பார்கள். அடுத்த முறை பாலையாவை மட்டும் பாருங்கள். பயத்தில் அந்த முகம் மாறிக்கொண்டே போகிறது. பணக்காரர், அப்பா என்ற கெத்தெல்லாம் கழன்று, கடைசியில் ஒரு குழந்தை மாதிரி உட்கார்ந்திருக்கிறார். சிரிப்பில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் வருகிறது. வசனம் எழுதிய கோபு, அந்தக் கதையைக் கேட்பதற்குச் சரியான ஆளை எதிரே உட்கார வைத்தார் என்பதே அந்தக் காட்சியின் பெரிய முடிவு. புதிதாக எழுதுகிறவர்கள் பேசுகிறவரின் வரிகளை மட்டும் நிரப்பிவிட்டு, எதிரே இருப்பவருக்கு "முறைக்கிறார்" என்று அடைப்புக்குறிக்குள் போட்டு விடுகிறார்கள். முறைப்பதற்கு முன் அவர் என்ன நினைக்கிறார், எதை நம்பிவிட்டார், எதை விட்டுக்கொடுக்க மாட்டார் என்பதை எழுதினால்தான் நடிகருக்குப் பிடி கிடைக்கும்.

பாத்திரத்துக்குத் தன்னைப் பற்றி ஓர் உயர்ந்த அபிப்பிராயம் கொடுங்கள்.

'வின்னர்' (2003) கைப்புள்ள தன்னை ஊரே நடுங்கும் ரவுடி என்று நினைக்கிறான். சிம்புதேவனின் 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' (2006) தன்னை வீர மன்னன் என்று நம்புகிறார். 'ப்ரெண்ட்ஸ்' (2001) நேசமணி, தான் பெரிய கான்ட்ராக்டர் என்ற நினைப்போடு ஆட்களை மேய்க்கிறார். நினைப்புக்கும் நிலைமைக்கும் நடுவே உள்ள தூரத்தில்தான், இந்த மூவராகவும் நடித்த வடிவேலு இத்தனை காலம் விளையாடியிருக்கிறார். அடி விழுவதால் மட்டும் நாம் சிரிப்பதில்லை. அடி வாங்கிய பிறகும் சட்டையைச் சரிசெய்துகொண்டு, ஒன்றும் ஆகாதது போல் அவர் நடக்கிறாரே, அதற்காகச் சிரிக்கிறோம். 2019 மே மாதம் நேசமணிக்காக உலகமே பிரார்த்தனை செய்வதாகச் சமூக வலைதளத்தில் பரவியபோது, 18 வருடம் பழைய ஒரு பாத்திரம் புத்தம் புதிதாக நின்றது. தன்னை மதிக்கிற பாத்திரத்துக்குத்தான் அந்த ஆயுசு.

வட்டார வழக்கைக் கேட்டு எழுதுங்கள். கற்பனையில் எழுதாதீர்கள்.

நகைச்சுவையின் தாளம் பேச்சு வழக்கில் இருக்கிறது. பாலு மகேந்திராவின் 'சதிலீலாவதி'யில் (1995) கமல்ஹாசனும் கோவை சரளாவும் பேசுகிற கொங்குத் தமிழை நினைத்துப் பாருங்கள். அந்த வழக்கைக் கேலி செய்து அங்கே யாரும் சிரிக்க வைக்கவில்லை. அந்த மனிதர்களின் அவசரம், சந்தேகம், பிரியம் எல்லாம் அந்த வழக்கில் வெளிப்படும்போது சிரிப்பு வருகிறது. 'மைக்கேல் மதன காமராஜ'னில் (1990) சமையல்காரர் காமேஸ்வரனின் பாலக்காட்டுத் தமிழும் அப்படித்தான். சாம்பாரில் மீன் விழுகிற பதற்றம் அந்த மொழியில் இரண்டு மடங்காகிறது. 'தெனாலி'க்காக (2000) இலங்கைத் தமிழைப் பழகிக்கொள்ள இலங்கை வானொலியின் பி.எச்.அப்துல் ஹமீதுடைய உதவியைப் பெற்றார் கமல். அவ்வளவு பெரிய நடிகரே அந்த மொழிக்காரரிடம் போய் உட்கார்ந்தார் என்பதை நினைவில் வையுங்கள். திருநெல்வேலிப் பாத்திரம் எழுத வேண்டுமென்றால் அந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் உட்காருங்கள். வாக்கியத்தின் கடைசியில் "லே" சேர்த்துவிட்டால் அது திருநெல்வேலி ஆகிவிடாது.

உடலை வைத்துச் சிரிக்க வைக்காதீர்கள்.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நிறம், பருமன், குள்ளம், வழுக்கை, திக்குவாய், காது கேளாமை, திருநங்கையரின் நடை என்று இவற்றை வைத்து எழுதப்பட்ட காட்சிகள் நம் சினிமாவில் ஏராளம். அவற்றில் பலவற்றை நாமும் குழந்தையாக இருந்தபோது சிரித்துக்கொண்டே பார்த்திருக்கிறோம். திரையில் வந்த பட்டப்பெயர் மறுநாள் பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு பிள்ளையின் பெயராகிவிடுகிறது. எழுதியவர் அதைப் பார்ப்பதில்லை. அந்தப் பிள்ளை அதைப் பல வருடம் சுமக்கிறது.

சட்டமும் இப்போது இதைக் கவனிக்கிறது. 2024 ஜூலையில், 'ஆங்க் மிச்சோலி' என்ற இந்திப் படம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளிகளைத் திரையில் காட்டுவதற்கு வழிகாட்டுதல்களைச் சொன்னது. மாற்றுத்திறனாளியின் வாழ்க்கையைப் புரியவைக்கிற நகைச்சுவை ஒன்று, அவரைச் சிறுமைப்படுத்துகிற நகைச்சுவை வேறு என்று அந்தத் தீர்ப்பு பிரித்துக் காட்டுகிறது. காமெடி எழுதுகிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய தீர்ப்பு அது.

இப்படியெல்லாம் கட்டுப்பாடு போட்டால் எதை எழுதுவது என்று கேட்பவர்களுக்கு 'அபூர்வ சகோதரர்க'ளைக் காட்டுவேன். 1989-இல் வந்த படம். வசனம் கிரேஸி மோகன். உயரம் குறைந்த அப்புதான் கதாநாயகன். ஆனால், படத்தின் பெரிய சிரிப்பெல்லாம் யார் மேல் விழுகிறது? தன் துப்பறியும் திறமையில் மயங்கிக் கிடக்கிற இன்ஸ்பெக்டர் ஜனகராஜ் மேலும், அவரைப் புகழ்ந்தே பிழைக்கிற கான்ஸ்டபிள் மேலும். அகந்தையும் ஜால்ராவும் தெருவுக்குத் தெரு இருக்கும்போது, ஒருவருடைய உயரத்தைத் தொட வேண்டிய தேவை எழுத்தாளருக்கு இல்லை. சாதிப்பெயர், வேலைக்காரர்களின் ஏழ்மை, பெண்டாட்டியை அடிப்பது ஆகியவையும் இதே கணக்கில்தான் சேரும். அதிகாரம் இருக்கிறவரைப் பார்த்துச் சிரிக்க வையுங்கள்.

இரட்டை அர்த்தத்தை நம்பாதீர்கள். ரசனையை விட்டுவிட்டு வியாபாரத்தை மட்டும் பார்த்தாலும் இது நஷ்டம். 'ஏ' சான்றிதழ் பெற்ற படத்தை அப்படியே தொலைக்காட்சியில் போட முடியாது. வெட்டி, மறுபடியும் சான்றிதழ் வாங்க வேண்டும். வெட்டுவது உங்கள் காட்சியைத்தான். புதிய சட்டத்தின்படி 'யு/ஏ' பிரிவே 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. காமெடிப் படத்தின் ஆயுள் குடும்பத்தோடு டி.வி. பார்க்கிற வீட்டில்தான் நீள்கிறது.

வாட்ஸ்அப்பில் வந்ததையும் மீமில் பார்த்ததையும் காட்சியில் நுழைக்காதீர்கள். எழுதிய நாளில் புதுசாக இருப்பது, படம் வெளியாகும்போது ஆறிப்போயிருக்கும்.

சத்தமாகப் படியுங்கள். முடிந்தால் மேடையில் ஏற்றுங்கள்.

கிரேஸி மோகனின் கையில் இருந்த பெரிய பலம் நாடகம். 1970-களில் எஸ்.வி.சேகரின் குழுவுக்காக எழுதிய 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' நாடகம்தான் அவருக்கு அந்த அடைமொழியையே கொடுத்தது. 'மேரேஜ் மேட் இன் சலூன்' நாடகத்தை எடுத்துத்தான் பாலசந்தர் 'பொய்க்கால் குதிரை' (1983) படம் செய்தார். ஒரே நாடகத்தை நூற்றுக்கணக்கான முறை போடும்போது எந்த வார்த்தையில் சபா சிரிக்கிறது, எந்த வார்த்தை ஓர் அசை கூடுதலாக இருப்பதால் சிரிப்பு தவறிப்போகிறது என்பதெல்லாம் எழுதுகிறவர் காதில் பதிந்துவிடுகிறது. சினிமா எழுத்தாளருக்கு அந்தப் பாடம் கிடைப்பதில்லை. தியேட்டரில் தெரியும்போது மாற்றவும் முடியாது. அதனால் கல்லூரி மேடை, ஸ்டாண்ட்-அப், யூடியூப், தெருமுனை நாடகம் என்று எது கிடைத்தாலும் எழுதிப் போடுங்கள். சிரிக்க வேண்டிய சொல் வாக்கியத்தின் கடைசியில் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழில் வினைச்சொல் கடைசியில் வந்து உட்கார்ந்து கொள்ளும். அதை எப்படி நகர்த்துவது என்பதைக் காதுதான் கற்றுத்தரும்.

டிஸ்கஷனிலும் படப்பிடிப்பிலும்

கதை சொல்லும்போது நீங்கள் முதலில் சிரிக்காதீர்கள். எதிரே இருப்பவர் சிரிப்பதற்கு இடம் விட்டு நிறுத்துங்கள்.

உங்கள் வரிக்காகச் சண்டை போடாதீர்கள், சூழ்நிலைக்காகப் போடுங்கள். நல்ல காமெடி நடிகர் எழுதியதை அப்படியே பேச மாட்டார். 'திருவிளையாட'லில் (1965) ஏ.பி.நாகராஜன் எழுதிய தருமிக்கு, தனியாகப் புலம்புகிற இடத்தில் நாகேஷ் தன் சொந்தச் சரக்கையும் சேர்த்தார் என்பது எல்லோரும் சொல்கிற செய்தி. ஆனால், ஆயிரம் பொற்காசு வேண்டும், பாட்டு எழுத வரவில்லை, மண்டபத்தில் யாருமில்லை என்ற நிலைமையில் தருமியைக் கொண்டு நிறுத்தியது எழுத்து. அது இல்லாமல் புலம்பலுக்கு இடமே இல்லை. ஆகவே, நடிகர் வார்த்தையை மாற்றும்போது விட்டுக்கொடுங்கள். அவர் காட்சியின் அடிப்படையையே மாற்றினால் (பயப்பட வேண்டியவர் பயப்படாமல் எதிர்த்துப் பேசுகிறார், ஏமாற வேண்டியவர் முன்கூட்டியே கண்டுபிடித்துவிடுகிறார்) அப்போது இயக்குநரைத் தனியாக அழைத்துச் சொல்லுங்கள். யூனிட் முன்னால் சொல்லாதீர்கள்.

யாருக்கு எழுதுகிறீர்களோ அவருடைய மூச்சுக்கு எழுதுங்கள். கவுண்டமணிக்கு எழுதிய வசனத்தை ஜனகராஜ் பேச முடியாது. நடிகர் யாரென்று முடிவாகவில்லை என்றால் முதல் பிரதியைப் பாத்திரத்துக்காக எழுதி முடியுங்கள். ஆள் வந்த பிறகு வசனத்தை மட்டும் மாற்றுங்கள்.

டப்பிங்குக்குப் போங்கள். பலர் படப்பிடிப்போடு தங்கள் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். தமிழ் காமெடியில் கணிசமான வரிகள் டப்பிங் தியேட்டரில் சேர்க்கப்படுபவை. நடிகர் முதுகைக் காட்டுகிறபோது, லாங் ஷாட்டில் நடந்து போகிறபோது, எதிராளியின் குளோஸ்-அப் ஓடுகிறபோது ஒரு முனகல், ஒரு பதில், ஒரு கவுண்டர் உள்ளே போடலாம். நீங்கள் அங்கே இல்லையென்றால் வேறு யாரோ போடுவார்கள். பாத்திரம் தெரியாமல் போடுவார்கள்.

எடிட்டிங்கில் உங்கள் காட்சி போய்விட்டதென்று மனம் உடையாதீர்கள். ஏன் போனது என்று மட்டும் எடிட்டரிடம் கேளுங்கள்.

தொலைக்காட்சியிலும் இணையத்திலும்

தொலைக்காட்சியைச் சினிமாவுக்குப் போகும் ஏணியாக மட்டும் பார்க்காதீர்கள். வாராவாரம் ஒரு காட்சியைப் புதிதாகக் கட்ட வேண்டிய நிர்ப்பந்தம் வேறெங்கும் கிடைக்காது. ராம்பாலா விஜய் டி.வி.யில் நடத்திய 'லொள்ளு சபா' அப்படி ஒரு பட்டறை. ஓடிக்கொண்டிருக்கிற சினிமாவை எடுத்து, சின்ன செட்டில், இருக்கிற நடிகர்களை வைத்துப் பகடி செய்ய வேண்டும். சந்தானம் அங்கிருந்துதான் 'மன்மதன்' (2004) வழியாகப் பெரிய திரைக்கு வந்தார். ராம்பாலாவே பின்னால் 'தில்லுக்கு துட்டு' (2016) இயக்கினார். கலைஞர் டி.வி.யின் 'நாளைய இயக்குநர்' குறும்படப் போட்டியில் பழகிய நலன் குமரசாமி 'சூது கவ்வும்' (2013) எடுத்தார். 'கோலமாவு கோகிலா' (2018), 'டாக்டர்' (2021) எழுதி இயக்கிய நெல்சனும் விஜய் டி.வி.யில் நிகழ்ச்சிகள் செய்தவர்.

சிட்காம் எழுதுவதென்றால் இடத்தையும் ஆட்களையும் முதலில் எண்ணிக்கொள்ளுங்கள். நாகா இயக்கிய 'ரமணி வெர்சஸ் ரமணி'யில் கணவன் பெயரும் ரமணி, மனைவி பெயரும் ரமணி. ஒரு வீடு, அன்றாடச் சண்டை, அவ்வளவுதான். ஒவ்வொரு வாரமும் வெளியிலிருந்து ஒரு விருந்தாளியைக் கொண்டுவந்து கதையை ஓட்டினால் சீக்கிரம் வறண்டுவிடும். இரண்டு நிரந்தரப் பாத்திரங்களுக்குள் தீராத முரண் ஒன்றை வைத்துவிட்டால் நூறு எபிசோடு ஓடும். இன்றைய டி.வி.யில் எழுதப்பட்ட சிட்காமைவிடக் காமெடிப் போட்டி நிகழ்ச்சிகளுக்குத்தான் இடம் அதிகம். இது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. எழுத்தாளர் வளர்வதற்கான மண் அது.

மேடையில் நிற்பவருக்குப் பின்னால் பெயரில்லாமல் வருடக்கணக்கில் எழுதாதீர்கள். போட்டி நிகழ்ச்சிகளில் ஸ்கிட் எழுதுபவர்கள் நிறையப் பேருக்கு இது நடக்கிறது. பழகுவதற்காக ஒரு சீசன் எழுதலாம். அடுத்த சீசனுக்கு ஸ்க்ரோலில் பெயர் வேண்டும் என்று கேளுங்கள். தரவில்லையென்றால் உங்கள் ஸ்கிட்டை நீங்களே படமெடுத்து யூடியூபில் போடுங்கள். 'பரிதாபங்கள்' கோபி-சுதாகரும் கோவையிலிருந்து வந்த 'நக்கலைட்ஸ்' குழுவினரும் யாருடைய அனுமதிக்காகவும் காத்திருக்கவில்லை.

பணம், பெயர், உரிமை

ஒருவரிக் கதையை மட்டும் வைத்துக்கொண்டு கதவு கதவாகப் போய்ச் சொல்லாதீர்கள். யோசனைக்குக் காப்புரிமை கிடையாது; அதை நீங்கள் எழுதி வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு. 1978-இல் ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒரு நாடக ஆசிரியர் தன் நாடகத்தைத் திருடிப் படமெடுத்ததாகப் போட்ட வழக்கு அது, அவர் தோற்றார். எனவே காட்சிகளோடும் வசனத்தோடும் முழு ஸ்கிரிப்டாக எழுதி முடித்த பிறகு வெளியே சொல்லுங்கள்.

பதிவு செய்யுங்கள். தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் உறுப்பினராகி ஸ்கிரிப்டைப் பதிவு செய்துகொள்ளலாம். அந்தப் பதிவு வெறும் காகிதமில்லை. 2018-இல் 'சர்கார்' வெளியாவதற்கு முன், 2007-இல் பதிவு செய்யப்பட்ட 'செங்கோல்' என்ற கதையோடு அது ஒத்திருப்பதாக வருண் ராஜேந்திரன் முறையிட்டார். அப்போது சங்கத் தலைவராக இருந்த பாக்யராஜ் இரண்டையும் பார்த்து, ஒற்றுமை இருப்பதாகச் சொன்னார். கடைசியில் சமரசமாகி, படத்தில் வருணுக்கு அங்கீகாரம் கிடைத்தது. பதினோரு வருடத்துக்கு முந்தைய ஒரு பதிவு இல்லையென்றால் அந்தப் பேச்சுவார்த்தைக்கே வழியில்லை. யாருக்கு, எந்தத் தேதியில், எந்தப் பிரதியைக் கொடுத்தீர்கள் என்பதும் மின்னஞ்சலில் இருக்கட்டும்.

வாய்வார்த்தையை நம்பி எழுதாதீர்கள். "இந்தப் படம் பட்ஜெட் கம்மி, அடுத்த படத்துல பாத்துக்கலாம்" என்பது இந்தத் தொழிலில் மிக அதிகமாகச் சொல்லப்படுகிற வாக்கியம். அட்வான்ஸ் எவ்வளவு, முதல் பிரதிக்கு எவ்வளவு, இறுதிப் பிரதிக்கு எவ்வளவு, டப்பிங் முடிந்ததும் எவ்வளவு, எத்தனை முறை திருத்தி எழுத வேண்டும் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கடைசித் தவணையைப் படம் வெளியாகும்போது என்று வைக்காதீர்கள். பெட்டிக்குள் தூங்குகிற படங்கள் நிறைய.

காப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவை ஒரு முறையாவது படியுங்கள். எழுதுகிறவருக்கு இவ்வளவு சாதகமான விஷயங்கள் அதில் இருப்பது பலருக்குத் தெரியவில்லை. உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றுதான் பொருள். எந்த நிலப்பகுதிக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாதவரை, உரிமை உங்களிடமே திரும்பிவிடும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, தியேட்டரில் படத்தோடு காட்டுவதைத் தவிர மற்ற வழிகளில் படைப்பு பயன்படும்போது ராயல்டியில் சமபங்கு கேட்கும் உரிமையையும் எழுத்தாளரிடமிருந்து யாரும் எழுதி வாங்க முடியாது. பாட்டுக்காரர்கள் இதைப் பேசிப் பேசி வாங்குகிறார்கள். காமெடிக் காட்சிகளை மட்டும் வெட்டிப்போட்டே டி.வி. சேனல்கள் நடக்கிற நாட்டில், அதை எழுதியவர்கள் வாய் திறக்காமல் இருப்பது சரியில்லை. ஒருவர் கேட்டால் கோபிப்பார்கள். சங்கத்தின் வழியாக எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டிய விஷயம் இது.

பாத்திரத்தின் பெயரையும் ஒப்பந்தத்தில் கொண்டுவாருங்கள். 'வின்னர்' படத்தில் கைப்புள்ள நடத்திய வருத்தப்படாத வாலிபர் சங்கம், பத்து வருடம் கழித்துச் சிவகார்த்திகேயன் படத்தின் தலைப்பாயிற்று. 'தலைநகரம்' (2006) படத்தில் வடிவேலு செய்த நாய் சேகர், 2022-இல் ஒன்றுக்கு இரண்டு படங்களுக்குத் தலைப்பானார். வெறும் தலைப்புக்கு மட்டும் காப்புரிமை கோருவது நம் நீதிமன்றங்களில் நிற்பதில்லை. ஆகவே அந்தப் பாத்திரத்தை வைத்து இரண்டாம் பாகம், தனிப்படம், விளம்பரம், வெப் சீரிஸ் என்று எது வந்தாலும் உங்களுக்கு என்ன பங்கு என்பதைக் கையெழுத்துப் போடும் அன்றே பேசுங்கள். அன்றைக்கு அது சின்னப் பாத்திரமாகத்தான் தெரியும்.

பழைய படத்தைச் சொல்லாமல் எடுக்காதீர்கள். பாக்யராஜின் 'இன்று போய் நாளை வா' (1981) கதை 'கண்ணா லட்டு தின்ன ஆசையா' (2013) ஆனபோது உரிமை குறித்துப் பிரச்சினை எழுந்தது. இன்னொருவரின் கட்டுமானம் வேண்டுமென்றால் உரிமை வாங்கச் சொல்லுங்கள். தயாரிப்பாளர் மறுத்தால் அந்த வேலை உங்களுக்கு வேண்டாம். உங்களுடையதை நாளை ஒருவர் எடுக்கும்போது பேசுவதற்கு உங்களுக்கு வாய் இருக்க வேண்டும்.

மாதச் சம்பள வேலை இருந்தால் அவசரப்பட்டு அதை விடாதீர்கள். கிரேஸி மோகன் கிண்டியில் பொறியியல் படித்து, சுந்தரம் கிளேட்டனில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் எழுதினார். வாடகை பயம் இல்லாதவரால்தான் மட்டமான காட்சியை எழுத மாட்டேன் என்று சொல்ல முடிகிறது.

டைட்டில் கார்டில் எந்தச் சொல் வரும் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். 'வசனம்', 'நகைச்சுவைப் பகுதி', 'கூடுதல் வசனம்', 'நன்றி' என்று ஒவ்வொன்றுக்கும் எடை வேறு. முழு ட்ராக்கையும் எழுதிவிட்டு 'நன்றி'யோடு திருப்திப்படாதீர்கள். தியேட்டர் பிரதியில் இருக்கும் பெயர் ஓ.டி.டி. பிரதியிலும் டி.வி. பிரதியிலும் இருக்கும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

படம் வெளியான வாரத்தில் சென்னை பிரிவியூ தியேட்டரோடு நின்றுவிடாமல், மதுரையிலோ ஈரோட்டிலோ ஒரு மாலைக்காட்சிக்கு டிக்கெட் எடுத்து உட்காருங்கள். திரையைப் பார்க்காமல் ஆட்களைப் பாருங்கள். எந்த வரிக்கு முன்வரிசை சிரிக்கிறது, எதற்குப் பெண்கள் பக்கம் அமைதியாகிறது, எந்தச் சிரிப்பின் சத்தத்தில் அடுத்த வசனம் மூழ்கிப்போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஸ்கிரிப்டில் அந்த மாதிரி இடம் வரும்போது வசனத்தை உடனே வைக்காமல், நடிகர் ஒரு டம்ளரை எடுத்து வைக்கிற அளவுக்கு ஒரு வேலையை நடுவில் எழுதுங்கள்.